ஏழாம் நரம்பு

கிளிநொச்சியில் என்னிடம் தமிழ் பயிலும் மாணவனொருவன், "ஐயா, எவ்வாத்தியமும் பழகாத நான் ஏழு தந்தி மின்கிற்றார் வாங்கலாமா?" என்று வினவினான். தந்தையார் நெல் விற்றுக் கொடுத்த பணம் அவன் கையிலிருந்தது.

விபுலாநந்த அடிகளாரின் யாழ் நூல் (1947) நினைவுக்கு வந்தது. பேரியாழுக்கு நரம்பு 21, செங்கோட்டியாழுக்கு 7. ஒவ்வொன்றும் தன்னளவில் நிறைவுடையது.

"தம்பி, ஏழாந்தந்தி தருவது ஆறாவதினும் தாழ்ந்த ஒலி. நீ விரும்பும் இசைக்கு அது வேண்டுமாயின் தொடக்கத்திலேயே வாங்கு. இன்றேல் ஆறே போதும். ஏழு தந்திக்குக் கழுத்து அகலம். மீட்டாத தந்திகளை அடக்கவும் பழகவேண்டும். மடியில் வைத்து, விரல்கள் நோவின்றி எட்டுகின்றனவா என்று பார். ஒலிபெருக்கிக்கும் பணம் ஒதுக்கு" என்றேன்.

நெல்லின் விலை அறிந்தவன், நிதானமாகவே தேர்வான்.