கரும்புக்குப் போனவர்கள் – 3: எல்லையைத் தாண்டிய கால்கள்

நாகூர் தர்காவிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் வாஞ்சூர். அங்கே காரைக்கால் தொடங்குகிறது. சாராயக் கடைகளும் பெட்ரோல் பங்குகளும் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்துத்தான் இன்று மாநிலம் மாறிவிட்டது என்று தெரிந்துகொள்கிறோம். வயலும் வாய்க்காலும் இருபுறமும் ஒன்றுதான். 170 வருஷத்துக்கு முன்பு இந்த எல்லையைத் தாண்டிய கூலியாளுக்கு மாறியது அவன் தலையெழுத்து. இந்தப் பக்கம் தஞ்சாவூர் கலெக்டரின் சட்டம். அந்தப் பக்கம் பிரெஞ்சு அரசாங்கத்தின் சட்டம்.

1739-ல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெற்ற ஊர் காரைக்கால். நெல்லும் துணியும் ஏற்றிக்கொண்டிருந்த கடற்கரையில் ஆட்களை ஏற்றும் வியாபாரம் சூடு பிடித்தது 1848-க்குப் பிறகு. அந்த வருஷம் ஏப்ரல் 27-ல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. ரீயூனியன், கரீபியனில் உள்ள மர்த்தினிக், குவாதலூப் தீவுகளில் விடுதலையானவர்கள் பலர் பழைய முதலாளியின் கரும்புக் காட்டுக்குத் திரும்ப மறுத்தார்கள். அவர்கள் மறுத்ததில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் வெட்டப்படாத கரும்பு தோட்டத்திலேயே காய்ந்துவிடும். முதலாளிகளின் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்பியது.

சிக்கல் என்னவென்றால், புதுச்சேரியும் காரைக்காலும் கையளவு நிலம். அத்தனை கூலியாட்கள் அங்கே இல்லை. தஞ்சாவூர், திருச்சி, தென்னாற்காடு ஜில்லாக்களில் இருந்தார்கள். பிரிட்டிஷ் குடிமக்களை பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கூலியாக அனுப்ப 1860 வரை இங்கிலீஷ்காரர்களின் சட்டத்தில் இடமில்லை. ஆகவே ஆளை எப்படியாவது எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே தொழிலாயிற்று. அதைச் செய்தவர்கள் மேஸ்திரிகள். தலைக்கு இவ்வளவு என்று கூலி. சந்தையில், சத்திரத்தில், கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஆள் பிடித்தார்கள்.

கும்பகோணத்திலிருந்து காரைக்காலுக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். இரண்டு நாள் நடை. பேரளம் – காரைக்கால் ரயில் 1898-ல்தான் வந்தது. அதற்குள் இந்தக் கூலிப் போக்குவரத்தே முடிந்துபோயிருந்தது. காவிரியின் கிளையாறுகளைக் கடந்து நடந்தேதான் வந்தார்கள். வழியில் சோறு போட்டு, வெற்றிலை வாங்கிக் கொடுத்து, கடலைத் தாண்டினால் காசு என்று பேசிக்கொண்டே வரும் மேஸ்திரியை நம்பி வந்தவர்கள் உண்டு. கடத்திக்கொண்டு போகிறார்கள் என்று தஞ்சாவூர் அதிகாரிகள் புகார் செய்துகொண்டே இருந்தார்கள். அந்தப் புகாரில் உண்மை இருந்தது.

ஆனால் எல்லோரையும் ஏமாந்தவர்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. டெல்டாவில் பண்ணையாளின் வாழ்க்கை எப்படி இருந்தது என்று போன வாரம் பார்த்தோம். 1843-ல் அடிமைத்தனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று அறிவித்த பிறகும், கடன் என்ற கயிறு அவனை மிராசுதார் வீட்டு வாசலிலேயே கட்டி வைத்திருந்தது. சாட்டைக்கும் சாணிப்பாலுக்கும் பயந்து ஓடியவனுக்கு எட்டும் தூரத்தில் இருந்த வெளிநாடு காரைக்கால் ஒன்றுதான். மிராசுதாரின் ஆட்கள் அங்கே வந்து அவனை இழுத்துக்கொண்டு போவது அவ்வளவு சுலபமில்லை. தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, பசியே போதுமான மேஸ்திரியாக இருந்தது. ஏமாற்றப்பட்டவனும் தப்பி வந்தவனும் ஒரே சாலையில்தான் நடந்தார்கள். அவர்களைப் பிரித்துச் சொல்ல எந்தப் பதிவேடும் உதவாது.

ஊருக்குள் வந்ததும் டிப்போ. கப்பல் நிறையும் வரை அங்கேதான் இருப்பு. குமாஸ்தா பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர், வயது எழுதுவார். தமிழ்ப் பெயர் பிரெஞ்சு எழுத்துக்குள் போகும்போது நெளிந்தது. முத்துசாமி ‘மூத்தூசாமி’ ஆனது இப்படித்தான். கரீபியனில் இன்றும் அது குடும்பப் பெயர். ஒப்பந்தம் ஐந்து வருஷம். கரீபியன் தீவுகளுக்கு ஆணுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்க், பெண்ணுக்குப் பத்து. வேலை ஒன்று, கூலி இரண்டு. 1860, 1861 ஒப்பந்தங்களில் பிரிட்டன் இந்த ஆள் சேர்ப்பை அனுமதித்தபோது, ஆண்களின் எண்ணிக்கையில் கால் பங்காவது பெண்கள் வேண்டும், பிரெஞ்சுத் துறைமுகத்திலும் பிரிட்டிஷ் ஏஜென்ட் ஒருவர் இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் வந்தன.

காரைக்காலில் பெரிய கப்பல் கரையை நெருங்க முடியாது. அரசலாற்று முகத்துவாரம் மணல் மேடிட்டது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சலங்கு என்ற படகில் ஏற்றி அலையைக் கடந்து கொண்டுபோவார்கள். சேற்றைத் தவிர வேறு ஈரம் அறியாத உழவனின் முதல் கடல் அனுபவம் அதுதான். அங்கிருந்து ரீயூனியனுக்குச் சில வாரம். கரீபியனுக்கு மூன்று மாத அளவில். நன்னம்பிக்கை முனையில் குளிர் எலும்பைத் தொட்டது. டெல்டாவின் மார்கழிப் பனிக்கு மேல் குளிர் தெரியாத உடம்புகள். செயின்ட் ஹெலினாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மேற்கே திரும்பினார்கள். அரிசி, பருப்பு, கருவாடு என்று கப்பலில் சாப்பாடு. கீழ்த்தளத்தில் சாதிக்கொரு மூலை ஒதுக்க இடமில்லை. ஊரில் ஒரே தெருவில் நடக்கக் கூடாதவர்கள் தோளோடு தோள் படுத்தார்கள். இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பெரியதாகப்படும் சம்பவம் இதுதான்.

பயத்தில் கூப்பிட ஒரு பெயர் அவர்களிடம் இருந்தது: நாகூர் ஆண்டவர். கடலில் போகிறவர்களைக் காப்பவர் என்று மதம் பாராமல் இந்தக் கரை முழுக்க நம்பியது. மர்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் மாரியம்மனைக் கும்பிடும் குடும்பங்கள் கொடிமரம் நட்டு ‘நாகூர்மீரா’வுக்குக் கொடியேற்றுகின்றன. தர்காவைப் பார்த்தே இராத சந்ததியிடம் அந்தப் பெயர் ஐந்தாறு தலைமுறை தாண்டி இருக்கிறது.

‘ஓரேலி’ என்ற கப்பல் 1853 மே 6-ல் முதல் தொகுதியாகச் சுமார் 300 இந்தியர்களோடு மர்த்தினிக்கை அடைந்தது. அதே கப்பல் 1854 டிசம்பர் 24-ல் குவாதலூப்பின் புவாந்த்-ஆ-பித்ருக்கும் முதல் தொகுதியைக் கொண்டுபோனது. 1880-களில் பிரிட்டன் இந்தப் போக்குவரத்தை நிறுத்துவதற்குள் மர்த்தினிக்குக்கு 25,000 பேரும் குவாதலூப்புக்கு 42,000 பேரும் போயிருந்தார்கள். எல்லோரும் காரைக்கால் வழியாகப் போகவில்லை. புதுச்சேரியும் பிற்காலத்தில் கல்கத்தாவும் உண்டு.

இறங்கியதும் வேலை இல்லை. நோய்த் தடுப்புக் காவல். ரீயூனியனில் லா கிரான்த் ஷலூப் என்ற இடத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே, அதற்கென்றே கட்டிய கட்டடங்கள் இன்னும் இருக்கின்றன. அது முடிந்த பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று பிரித்தார்கள். கப்பலில் ஒரே பலகையில் படுத்து உறவானவர்கள் திசைக்கொருவராகப் போனார்கள்.

1861 ஒப்பந்தத்தில் நாளைக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று ஒரு ஷரத்து இருந்தது. கரும்பு வெட்டும் பருவத்தில் அது என்ன ஆனது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)