ஓடத்தில் காணும் கானகம்

போலாரம் போன்ற பீடபூமி ஊர்களில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ் மக்களுக்குக் கடலும் கழியும் தொலைவான பொருள்கள். விடுமுறை என்றவுடன் தென்திசை செல்லும் வண்டியே நம் நினைவுக்கு வருகின்றது. அதனை ஒருமுறை மாற்றி, செகந்தராபாத்திலிருந்து ஹௌரா செல்லும் பாதையில் பத்ரக் நிலையம் வரை சென்றோமானால், ஒடிசாவின் வடகரையில் மற்றோர் உலகைக் காணலாம். பிதர்கனிகா என்னும் தேசியப் பூங்காவே அது. அங்கே சாலைகள் ஆற்றோடு முடிந்துவிடுகின்றன. அதற்கப்பால் ஓடமே வாகனம், நீரே வழி.

பிராமணி, வைதரணி முதலிய ஆறுகள் வங்கக் கடலை அடையுமுன் பல கிளைகளாகப் பிரிந்து, தாம் கொணர்ந்த வண்டலைப் பரப்பி, எண்ணற்ற தீவுகளை ஆக்கியுள்ளன. இத்தீவுகளின் மேல் வளர்ந்ததே இச்சதுப்புநிலக் காடு. முன்னாளில் கனிகா மன்னர்களின் ஆட்சிக்குட்பட்டிருந்த இக்காட்டில் அவர்கள் கட்டிய வேட்டைக் கோபுரத்தை இன்றும் காணலாம். 1975-ஆம் ஆண்டில் இப்பகுதி வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. அதன் நடுப்பகுதியான 145 சதுர கிலோமீட்டர் நிலம் 1998-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் வரிசையிலும் இது இடம் பெற்றது.

பிச்சாவரத்தைக் கண்டவர்களுக்கு இக்காடு முற்றிலும் புதிதன்று. கண்டலும் சுரபுன்னையும் இங்கும் உள்ளன. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரை நல்கிய அதே தில்லை மரம் இக்கரைகளிலும் செழித்து வளர்கின்றது. இம்மரங்களின் வாழ்க்கை வியப்புக்குரியது. சேற்றினுள் காற்று இல்லாமையால், சில மரங்களின் வேர்கள் மண்ணைத் துளைத்து மேலெழுந்து, ஈட்டி முனைகள் போல் நின்று மூச்சு வாங்குகின்றன. சில, உண்ட உப்பை இலைகளின் வழியே வெளியேற்றுகின்றன. வேறு சிலவற்றின் விதைகள் தாய்மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட நாற்றாகிய பின்னரே கீழே விழுகின்றன. அலை அடித்துச் செல்லுமுன் சேற்றில் ஊன்றிக்கொள்ள இயற்கை வகுத்த வழி இது.

இவ்வனத்தின் தலைவன் உவர்நீர் முதலை. உலகில் வாழும் ஊர்வனவற்றுள் உருவிற் பெரியது இதுவே. தோலுக்காக வேட்டையாடப்பட்டமையால், 1970-களின் நடுவில் இங்கு எஞ்சியிருந்தவை நூற்றுக்கும் குறைவு. 1975-இல் டங்மல் என்னுமிடத்தில், ஐக்கிய நாடுகள் உணவு, வேளாண்மை நிறுவனத்தின் வல்லுநர் பஸ்டர்டு அவர்களின் ஆலோசனையுடன் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிற்று. முட்டைகளைத் திரட்டிப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விட்டனர். அண்மைக் கணக்கெடுப்புகளின்படி அவற்றின் தொகை ஏறத்தாழ 1,800. மே முதல் நாளிலிருந்து ஜூலை இறுதிவரை முதலைகள் இலை தழைகளைக் குவித்து முட்டையிட்டுக் காக்கும் காலமாதலால், பூங்கா மூடப்பெறும்.

மழைக்காலத்தின் பிற்பகுதியில் சென்றால் பகாகஹன் என்னும் பகுதியில் நாரைகளும் கொக்குகளும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டியிருப்பதைக் காணலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்நாள்களோ முதலைகளைக் காண ஏற்றவை. அவை வெயில் காய்வதற்காகச் சேற்றுக் கரைகளில் ஏறிக் கிடக்கும். பத்ரக்கிலிருந்து பேருந்தில் சாந்தபாலி சென்று, அங்கே ஓடம் ஏறலாம். இருப்புப்பாதை வருமுன், கல்கத்தாவிலிருந்து பூரி செல்லும் யாத்திரிகர்கள் நீராவிக் கப்பலில் வந்து இறங்கிய பழந்துறை இச்சாந்தபாலியே. வனத்துறையின் அனுமதிச் சீட்டு இன்றியமையாதது.

இங்கே பயணத்தின் நேரத்தை நிர்ணயிப்பது கடிகாரமன்று, கடலின் ஏற்றவற்றமே. நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறுகின்றது, இருமுறை வடிகின்றது. நீர் ஏறியிருக்கும்போது குறுகிய ஓடைகளினுள் புகலாம். வடிந்துவிட்டால் ஓடம் சேற்றில் தட்டிவிடும். ஆகவே, படகோட்டி காத்திருக்கச் சொன்னால் காத்திருப்பதே முறை. கையை நீரில் தொங்கவிடுதலும், அனுமதியில்லாத கரையில் இறங்குதலும் உயிருக்கு ஆபத்து. ஓசை குறைந்தால் காட்சி மிகும். மீன்கொத்திகளும் புள்ளிமான்களும் தாமே வெளிப்படும்.

இக்காட்டைக் காண்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. 1999 அக்டோபரில் ஒடிசாவைப் பெரும்புயல் தாக்கியபோது, கேந்திரபாரா மாவட்டத்தில் கடலுக்கும் ஊருக்கும் இடையே அகன்ற சதுப்புக் காடு இருந்த கிராமங்களில் உயிர்ச்சேதம் குறைவாயிருந்ததென்று பின்னர் நடந்த ஆய்வு காட்டிற்று. 2024 அக்டோபரில் டானா புயல் கரை கடந்ததும் இவ்வட்டாரத்திலேதான்.

காட்டின் காவலைப் பெறும் மக்களே அதன் விலையையும் கொடுக்கின்றனர். முதலைகள் பெருகியதால், குளிக்கவும் மீன் பிடிக்கவும் ஆற்றில் இறங்குவோர் உயிரிழப்பது உண்டு. இதனைத் தடுக்கப் படித்துறைகளில் வனத்துறை வேலி அமைத்துள்ளது. அருகிலுள்ள சதபாயா என்னும் பகுதியில் பல கிராமங்களைக் கடல் விழுங்கிவிட்டது. எஞ்சிய குடும்பங்கள் உள்நாட்டில் குடியேற்றப்பட்டன. ஆற்றின் மேற்பகுதியில் ஆலைகளும் பாசனமும் நன்னீரை மிகுதியாக எடுத்துக்கொண்டால் கழியில் உப்பு ஏறும். உப்பு ஏறினால் நன்னீரை நாடும் மரங்கள் நலியும். எனவே, இவ்வனத்தின் எதிர்காலம் தொலைவிலுள்ள நகரங்களின் நீர்ச் செலவோடும் பிணைந்துள்ளது.

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நாம், நாம் வாழும் திசையிலுள்ள நிலங்களையும் நமதெனக் கொள்ளுதல் தகும். பிதர்கனிகா செல்வோர் ஊர்ப் படகோட்டியின் ஓடத்தில் ஏறி, ஊரார் சமைத்த உணவை உண்டு, நெகிழிப் பொருள் எதனையும் நீரில் எறியாது திரும்புவாராயின், அக்காட்டுக்கும் அம்மக்களுக்கும் அதுவே செய்யத்தக்க உதவியாகும்.