பழைய பீக்கிங்கின் அயல்நாட்டுச் சாட்சிகள்

1934-ல் ஜான் பிளோஃபெல்ட் என்ற ஆங்கிலேய இளைஞர் பீக்கிங்குக்கு (இன்றைய பெய்ஜிங்குக்கு) வந்தபோது அது தலைநகராக இல்லை. 1928-லேயே தலைநகர் நான்ஜிங்குக்குப் போய்விட்டது. ஊரின் பெயரையும் பெய்பிங் என்று மாற்றிவிட்டார்கள். அரசு வெளியேறிய நகரத்தில் அரண்மனைகளும் கோயில்களும், முற்றத்தைச் சுற்றி நாற்புறமும் கட்டிய வீடுகளும், அவற்றுக்கு நடுவே ஓடிய ஹூதோங் சந்துகளும் அப்படியே நின்றன. அந்த வாழ்க்கையைப் பற்றிய பிளோஃபெல்டின் நினைவு நூல் 1961-ல் வெளிவந்தது. 1946-ல் மாணவராக வந்து, பழைய உயர்குடி ஒன்றில் பெண்ணெடுத்து, 1950-ல் வெளியேறிய அமெரிக்கர் டேவிட் கிட்டின் நூல் 1960-ல். ஏழாண்டுகள் அங்கே வாழ்ந்த ஜார்ஜ் கேட்ஸின் நூல் 1952-ல். மூன்றுமே 1949 புரட்சிக்குப் பின், அந்த வாழ்க்கைக்குத் திரும்ப வழியில்லாத காலத்தில் வெளியானவை. தொலைந்துபோனது எல்லாமே இனிக்கும் என்று சொல்லி இவற்றை ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. இவர்கள் சில விஷயங்களுக்கு நம்பத்தக்க சாட்சிகள், சிலவற்றுக்குச் சாட்சியே அல்ல. பிரித்துப் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

குற்றச்சாட்டின் வலுவான பகுதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். அந்த இனிமைக்கான விலையை வேறு ஆட்கள் கொடுத்தார்கள். 1935 நாணயச் சீர்திருத்தத்தின்போது ஒரு சீன டாலரின் மதிப்பு ஏறத்தாழ 30 அமெரிக்க சென்ட். கையில் கொஞ்சம் வெளிநாட்டுப் பணம் இருந்த இளைஞர்கூட முற்றம் வைத்த வீட்டில் குடியிருந்து சமையல்காரரும் வைத்துக்கொள்ள முடிந்தது அதனால்தான். பிரிட்டிஷ், அமெரிக்கக் குடிமக்களைச் சீன நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்ற சிறப்புரிமை 1943 வரை நீடித்தது. ரிக்‌ஷா இழுத்துப் பிழைத்தவர்களோ பல்லாயிரம் பேர். டிராம் வந்து பிழைப்பில் கைவைத்தபோது, 1929 அக்டோபர் 22 அன்று அவர்கள் திரண்டு டிராம் வண்டிகளை அடித்து நொறுக்கினார்கள். அது நடந்து ஐந்தே ஆண்டுகளில் பிளோஃபெல்ட் வந்து இறங்குகிறார். அதனால், கூலிக்கு உழைத்தவரின் பணிவை நகரத்தின் பண்பாடாக எந்த அயல்நாட்டவர் எழுதினாலும் அந்தப் பக்கத்தை நான் நம்ப மாட்டேன்.

ஆனால் அங்கிருந்து ஒரு படி தாண்டி, ஏக்கம் என்பதே வசதி படைத்தவரின் சொத்து என்று வாதிட்டால் எழுத்தாளர் லாவ் ஷ குறுக்கே நிற்கிறார். பீக்கிங்கின் ஏழை மஞ்சுக் குடும்பத்தில் பிறந்தவர். 1900-ல் அந்நியப் படைகளுடன் நடந்த சண்டையில் தந்தையை இழந்தவர். துணி துவைத்துப் பிழைத்த தாயால் வளர்க்கப்பட்டவர். 1936-ல் ஷான்டோங் மாகாணத்தில் இருந்தபடி பெய்பிங்கை நினைத்து உருகி ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டில்தான், ஒரு ரிக்‌ஷாக்காரனை அந்த ஊர் சக்கையாகப் பிழிந்து எறிவதைச் சொல்லும் அவருடைய நாவல் தொடராக வரத் தொடங்கியது. ஊரின் மேல் உயிரை வைத்திருந்த அதே மனிதருக்கு அதன் கொடுமையும் முழுசாகத் தெரிந்திருந்தது. அயல்நாட்டவர் நூல்களில் இந்த இரண்டாவது பார்வை குறைவு. அதற்கு ஈடாக அவர்களிடம் வேறொன்று கிடைக்கிறது: புதிதாக வந்தவரின் காது. 1936-ல் சாமுவேல் கான்ஸ்டன்ட் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி தெரு வியாபாரிகளின் கூவல்களையும் கருவிகளையும் தொகுத்து நூலாக்கினார். அந்தக் காலத்தில் தெருவில் வந்த நாவிதர் கூவ மாட்டார். இடுக்கி போன்ற ஈரிரும்பின் நடுவே ஒரு கம்பியைச் சரேலென்று இழுப்பார். அந்த ரீங்காரம் சந்து முழுக்கக் கேட்கும். இது வெளியூர்க்காரரின் கற்பனையாக இருக்குமோ என்று சந்தேகப்படுபவர்களுக்கு, ஆண்டு முழுவதும் கேட்கும் கூவல்களை உள்ளூர்க்காரர் ஒருவர் 1906-லேயே எழுதி வைத்த தொகுப்பு இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துச் சரிபார்க்கலாம்.

நகர மதில் விஷயத்தில் அயல்நாட்டவரின் சாட்சியம் இன்னும் பெரிய காரியத்துக்குப் பயன்பட்டது. உள்நகர், வெளிநகர் மதில்கள் சேர்ந்து சுமார் 40 கிலோமீட்டர். அயல்நாட்டுக் கலை வரலாற்றாசிரியர் ஓஸ்வால்ட் சிரேன் அவற்றையும் வாயில்களையும் சுற்றிப் பார்த்து, படமெடுத்து, 1924-ல் லண்டனில் நூலாக வெளியிட்டார். மதில் மேல் பூங்கா அமைக்கலாம் என்று கட்டடக் கலைஞர் லியாங் சிசெங் முன்வைத்த யோசனை ஏற்கப்படவில்லை. 1950-களில் இடிப்பு தொடங்கியது. 1965-ல் சுரங்க ரயில் வேலை ஆரம்பித்த பிறகு உள்நகர் மதிலும் பெரும்பாலும் போய்விட்டது. பீக்கிங்கின் வரலாற்றுப் புவியியலையே தன் வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட ஹௌ ரென்ஜீ, 1940-களின் இறுதியில் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது சிரேனின் நூலை லண்டன் புத்தகக் கடையில் கண்டு வாங்கியவர். பிற்பாடு அதன் சீன மொழிபெயர்ப்புக்கு அவரே முன்னுரை எழுதினார்.

மதிலுக்காக வருந்துவதும் அயல்நாட்டு மோகம்தானே என்று கேட்பவர்கள் 1996-ஐப் பார்க்கட்டும். மிஞ்சியிருந்த மதில் துண்டைச் செப்பனிட, பழைய செங்கல்லைத் திருப்பித் தரும்படி நகரவாசிகளிடம் கேட்கப்பட்டது. மதிலை இடித்த காலத்தில் எடுத்துப்போய்த் தங்கள் வீடுகளில் வைத்துக் கட்டியிருந்த செங்கற்களைப் பெயர்த்துக்கொண்டு வந்து கொடுத்தவர்கள் பெய்ஜிங்கின் சாதாரணக் குடும்பத்தினர். சிரேன் யாரென்றே அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்காது.