வெள்ளவத்தைப் பாறையில் தனியே தூண்டில் போடுபவர்கள்

ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு, பின்னேரம் ஐந்து மணியளவில் வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் நின்று தெகிவளைப் பக்கம் பாருங்கள். தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையே, கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களின் மேல் ஆங்காங்கே ஒவ்வொருவராக ஆட்கள் நிற்பார்கள். கையில் தூண்டில் தடி, காலடியில் ஒரு பழைய பெயின்ட் வாளி. ஒருவரோடு ஒருவர் அதிகம் கதைப்பதில்லை.

அவர்களில் ஒரு ஐயாவை எனக்குச் சில வருடங்களாகத் தெரியும். மயிலிட்டிக்காரர். 1990 ஜூனில் ஊரோடு சேர்ந்து இடம்பெயர்ந்து, பல இடங்களில் இருந்துவிட்டுக் கடைசியில் பிள்ளைகளோடு கொழும்பில் ஒதுங்கியவர். ஊரில் வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் செய்தவருக்கு இங்கே இருப்பது ஒரு தடியும் கொஞ்சம் தங்கூசி நூலும்தான். ஏன் ஐப்பசியில் மட்டும் இவ்வளவு ஆர்வமாக வருகிறீர்கள் என்று அவரிடம் கேட்கப் போய்த்தான் இந்தக் கட்டுரைக்கான விடயங்களைத் தேடத் தொடங்கினேன்.

கொழும்பில் இலையுதிர் காலம் என்று ஒன்று இல்லை. இங்கே பருவத்தைத் தீர்மானிப்பது காற்று. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை, அதாவது நம்மவர்களின் சோளகத்தை, மேற்குக் கரை நேருக்கு நேராக வாங்குகிறது. அந்த மாதங்களில் அலை பாறையில் ஏறி அடிக்கும். தூண்டில் போட நிற்கவே முடியாது. ஒக்டோபரில் சோளகம் ஓய்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் வாடை பலக்க டிசெம்பர் ஆகிவிடும். இந்த இடைப்பட்ட இரண்டு மாதங்களில் கொழும்புக் கடல் காலையில் குளம் மாதிரிக் கிடக்கும். நீர்கொழும்பு, சிலாபம் மீனவர்கள் சோளகத்தில் முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் வாடி அமைக்கப் போய், இந்தக் காலத்தில் திரும்புவதும் இதே காரணத்தால்தான். அந்த வாடிகளைப் பற்றிச் சொல்ல கொக்கிளாய், நாயாற்றுச் சனத்திடம் வேறு கதைகள் இருக்கின்றன. அவை தனியாக எழுதப்பட வேண்டியவை.

இரண்டாவது காரணம் மழை. ஒக்டோபர், நவம்பரில் கொழும்புக்கு நல்ல மழை கிடைக்கிறது. பின்னேர மழைக்குப் பிறகு வெள்ளவத்தைக் கால்வாயும் தெகிவளைக் கால்வாயும் கலங்கல் நீரைக் கடலுக்குள் தள்ளுகின்றன. வடக்கே மட்டக்குளியில் களனி ஆறு இதையே பெரிய அளவில் செய்கிறது. கலங்கல் நீரோடு றாலும் சிறு மீன்களும் அடித்து வரப்படுகின்றன. அவற்றைத் தின்ன பாரையும் கொடுவாவும் கரையோரம் வருகின்றன. கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோடு கண்ணுக்கே தெரியும். அந்தக் கோட்டில்தான் இரையைப் போட வேண்டும்.

பறுவம், அமாவாசை நாட்களில் வற்றும் பெருக்கும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் கொழும்பில் கடல்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீற்றருக்கும் குறைவு. எனவே இங்கே வற்றுப்பெருக்கைவிட வெளிச்சம் முக்கியம். பொழுது புலரும் நேரமும் மைம்மல் பொழுதும் மீன் இரை எடுக்கும் வேளைகள். மதிய வெயிலில் நிற்பது வீண் வேலை.

கருவிகள் பெரிதாக ஒன்றும் இல்லை. ஈயக்கட்டி கல்லிடுக்கில் சிக்கும் என்பதால், அதை முதன்மை நூலில் கட்டாமல் மெல்லிய நூலொன்றில் கட்டித் தொங்க விடுகிறார்கள். சிக்கினால் மெல்லிய நூல் அறுந்து ஈயம் மட்டும் போகும், தூண்டிலும் மீனும் மிஞ்சும். இரைக்கு றால் அல்லது கணவாய்த் துண்டு. கணவாய் கெட்டியானது, சிறு மீன்கள் கொத்தினாலும் கழன்று போகாது.

தனியாக நிற்பவருக்கு ஆபத்துகள் உண்டு. அலைச் சத்தத்தில் பின்னால் வரும் ரயில் கேட்பதில்லை. இந்தக் காலத்தில் பின்னேர இடி மின்னலும் அதிகம். காபன் தடி மின்சாரத்தைக் கடத்தும். இடி கேட்டவுடன் தடியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட வேண்டும். கெளுத்தி முள் குத்தினால், பொறுக்கக்கூடிய சுடுநீரில் அரை மணி நேரத்துக்கு மேல் காயத்தை வைத்திருந்தால் வலி குறையும். பிறகு வைத்தியரிடம் போக வேண்டும். பேத்தை மீனை எக்காரணம் கொண்டும் சமைக்கக் கூடாது. அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது.

போர்க்காலத்தில் இந்தப் பாறையில் பொழுதுபட்ட பிறகு தனியாக நிற்பது வேறு வகை ஆபத்து. 2007 ஜூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவில் மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. ஆனாலும், அடையாள அட்டையில் வடக்கு முகவரி உள்ள ஒருவர் அந்த நாட்களில் கடலைப் பார்த்து நின்றால் என்ன கேட்பார்கள் என்பதை வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஐயா 2009 வரை பாறைக்கு இறங்கவேயில்லை.

கொட்டாஞ்சேனைக்காரர்களுக்குத் துறைமுகம் கூப்பிடு தூரம். அதன் முதலாவது அலைதாங்கிக்கு 1875இல் அடிக்கல் நடப்பட்டு, 1885இல் வேலை முடிந்தது. தூண்டிலுக்கு அதைவிட நல்ல இடம் கொழும்பில் இருக்காது. ஆனால் உள்ளே போக முடியாது. 1996 ஏப்ரலில் கடல்வழியாகத் தாக்குதல் நடந்த துறைமுகம் அது; இன்றும் அனுமதியின்றி எவரும் நுழைய இயலாது. ஆகவே அவர்கள் முகத்துவாரத்துக்கும், மட்டக்குளிக் காக்கைத்தீவுக் கரைக்கும் போகிறார்கள். (யாழ்ப்பாணத்திலும் ஒரு காக்கைதீவு இருக்கிறது, அங்கேயும் மீன்தான்.)

இந்தக் கரையில் பிடித்ததைச் சாப்பிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கால்வாய் நீரோடு நகரத்தின் கழிவும் சேர்ந்தே வருகிறது என்பதால், வாயோரம் பிடிப்பதை நான் சாப்பிட மாட்டேன். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எரிந்து பின்னர் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. மீன்பிடி தடை செய்யப்பட்டது. சனம் மீன் வாங்கவே பயந்தது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. அந்த வழக்கில் பேசப்பட்டது வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் செய்தவர்களின் இழப்பு. பாறையில் தடியோடு நிற்பவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

மயிலிட்டித் துறைமுகம் 27 வருடங்களுக்குப் பிறகு, 2017 ஜூலையில் விடப்பட்டது. ஐயா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பிப் போய்த் தொழில் தொடங்க வள்ளம் வேண்டும், எஞ்சின் வேண்டும், உடம்பில் பலம் வேண்டும். அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. போன கிழமை பார்த்தபோது வாளியில் இரண்டு ஓராவும் ஒரு சின்னப் பாரையும் கிடந்தன. நான்காவதாக ஏறியது பேத்தை. வயிறு ஊதிக் கிடந்ததைத் தூண்டிலிலிருந்து பக்குவமாகக் கழற்றிக் கடலில் விட்டுவிட்டு, புதிதாக ஒரு கணவாய்த் துண்டைக் கோர்த்தார்.