"களு" என்று தட்டினால் உங்கள் கடை வருமா?

இணையத்தளத்தில் பொருள் தேடும்போது ஓரத்தில் ஊர்ப்பெயர்களும் அவற்றுக்கருகே அடைப்புக்குள் எண்ணிக்கையும் வருவதைக் கண்டிருப்பீர்கள். எந்த ஊரில் எத்தனை விளம்பரங்கள் உள்ளன என்ற கணக்கு அது. ஊர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் அப்பட்டியலை யார் முழுதாக வாசிப்பார்?

இதற்கு வழி, முதல் எழுத்துக்களைக் கொண்டு பட்டியலைச் சுருக்குவது. சீநெட் நிறுவனத்தில் 2004இல் யோனிக் சீலி உருவாக்கி, 2006இல் அப்பாச்சி அமைப்புக்கு வழங்கப்பட்ட சோலர் என்ற தேடுபொறி மென்பொருளில் இவ்வசதி உண்டு. வெற்றிலை தேடும் வியாபாரி "களு" என்று தட்டினால் களுதாவளையும் களுவாஞ்சிகுடியும் தத்தம் எண்ணிக்கையோடு நிற்கும். கல்முனை, காத்தான்குடி மறைந்துவிடும்.

மறைவது ஊர்ப்பட்டியலில் மட்டுமே. தேடிக் கிடைத்த விளம்பரங்கள் குறைவதில்லை. கடன் கொப்பியில் 'க' வரிசையை மட்டும் பார்த்தால் மற்றவர்களின் கடன் அழிந்துவிடுமா என்ன?

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கணினி, பதிந்த பெயரை முதலெழுத்திலிருந்து அப்படியே ஒப்பிடும். "மட்டக்களப்பு, களுதாவளை" என ஊரைப் பதிந்தவரின் கடை "களு" பட்டியலில் எண்ணப்படாது. களுவாஞ்சிகுடி என ஒருவரும் களுவாஞ்சிக்குடி என இன்னொருவரும் எழுதினால் ஒரே ஊர் இரண்டாகப் பிரியும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறாகக் கொள்ளப்படலாம். கொழும்பின் "கொ" கூட யுனிகோட்டில் இருவிதமாகப் பதிவாகலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

பட்டியலில் இல்லாத கடையை வாடிக்கையாளர் தேடிப் போகமாட்டார். ஆகவே விளம்பரம் பதியும்போது தளம் தரும் ஊர்ப்பட்டியலிலிருந்தே தெரிவு செய்யுங்கள். சொந்தத் தளம் அமைப்பவர்கள், ஊர்ப்பெயரைக் கையால் தட்டச்சு செய்ய இடம் வைக்க வேண்டாம் என்று வடிவமைப்பாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.