விட்டதைப் பிடிக்கும் வெறி: இணையச் சூதாட்டத்தில் சிக்கும் இளைஞர்கள்

சூதாட கிளப்பைத் தேடிப் போன காலம் மலையேறிவிட்டது. இன்று படுத்தபடியே கைப்பேசியில் ரம்மி ஆடலாம். ஐபிஎல் போட்டியில் அடுத்த ஓவருக்குப் பந்தயம் கட்டலாம். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது வரும் உறுத்தல் யுபிஐயில் இல்லை. கல்லூரி மாணவர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் இதில் எளிதில் சிக்குகிறார்கள்.

ஏன் விட முடிவதில்லை?

பரிசு எப்போது விழும் என்று தெரியாதபோதுதான் ஒரு செயலை விடாமல் திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டுதல் ஏற்படுகிறது. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரின் சோதனைகள் இதைக் காட்டின. சூதாட்டம் நடப்பது இந்தத் தூண்டுதலை நம்பித்தான். ஒரு சீட்டு வித்தியாசத்தில் தோற்றவருக்குத் தோற்றதாகவே தோன்றாது; ‘கிட்டே வந்துவிட்டோம்’ என்றே தோன்றும். 500 ரூபாய் போனால், அதைப் பிடிக்க 1000 ரூபாய் வைப்பார். ஆசைக்கு அணைபோடும் மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர்வது 25 வயதையொட்டித்தான். இளைஞர்கள் அதிகம் தடுமாற இதுவும் ஒரு காரணம்.

2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் சூதாட்டக் கோளாறை மது, போதைப் பழக்கங்களுடன் ஒரே பிரிவில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது இருக்கிறது.

கடன் வரும் வழி

முதலில் கைச்செலவுப் பணம் போகும். பிறகு நண்பர்களிடம் கைமாற்று, கடன் செயலி, வீட்டு நகை அடகு என்று நீளும். விஷயம் தெரிந்ததும், மானம் போய்விடுமே என்று குடும்பம் கடனை அடைத்து மூடிமறைக்கும். பழக்கத்துக்குச் சிகிச்சை தராமல் கடனை மட்டும் அடைத்தால், மீண்டும் கடன் வாங்கத்தான் அது வழிவிடும். தூக்கமும் படிப்பும் கெடும். வெளியே சொல்ல முடியாத அவமானம் தற்கொலை எண்ணம்வரை தள்ளும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழக அரசின் 2021ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இச்சிக்கலை ஆராய அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த புதிய சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் அளித்தார். ஆனால், ரம்மியும் போக்கரும் திறன் விளையாட்டுகள் என்று கூறி, அவற்றுக்கு அத்தடை பொருந்தாது என்றது உயர் நீதிமன்றம். 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறனா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டுவரை சிறை, 1 கோடி ரூபாய்வரை அபராதம். ஆடுபவருக்கு அதில் தண்டனை இல்லை. எனினும், வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்களைச் சட்டத்தால் மட்டும் ஒழித்துவிட முடியாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

காரணம் சொல்லாமல் அடிக்கடி பணம் கேட்பது, இரவெல்லாம் கைப்பேசி, பொய், எரிச்சல் ஆகியவை எச்சரிக்கை மணி. திட்டாமல் கேளுங்கள். கடன் முழுவதையும் எழுதிக் கணக்கெடுங்கள். பணப் பொறுப்பைச் சில காலம் வேறொருவர் ஏற்கட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை நாடலாம். அரசின் மனநல ஆலோசனைச் சேவையான ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416இல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சிக்கியவர் நோயாளி, குற்றவாளி அல்ல. கடனை அடைப்பதற்கு முன்பே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.