வண்டி வீட்டில் குளிர்காற்று!

அமெரிக்காவில் வண்டியையே வீடாக்கிக் கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் ஏராளம். படுக்கை, அடுப்பு, கூரைமேல் குளிர்சாதன யந்திரம் எல்லாம் உண்டு. அரிஸோனாப் பாலைவனத்தில் வெயில் 110 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும்போது, மின்சாரக் கம்பம் இல்லாத இடத்தில் கை கொடுப்பது சிறு ஜெனரேட்டர்தான்.

அதன் சக்திக்கோ ஓர் எல்லை உண்டு. 13,500 பி.டி.யு. யந்திரம் ஓடுவதற்குச் சுமார் 1,500 வாட் போதும். ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் இரு மடங்குக்கு மேலும் கேட்கும். 2,000 வாட் ஜெனரேட்டர் திணறி நின்றுவிடக் கூடும். வோல்டேஜ் இறங்கியபடியே ஓடினாலோ மோட்டார் சுருள் சூடேறிக் கருகும்.

என்ன செய்வது? குளிர்சாதனம் கிளம்பும்போது மைக்ரோவேவ் அடுப்பு, மின்சார வெந்நீர்க் கொதிகலன், பாட்டரி சார்ஜர் மூன்றும் ஓய்ந்திருக்க வேண்டும். அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் நிற்கும். பிறகு மீண்டும் கிளம்பும். தடவைக்குத் தடவை இதே பாரந்தான். கிளம்பும் வேகத்தைத் தணிக்க 'ஸாப்ட் ஸ்டார்ட்டர்' என்ற கருவியும் கிடைக்கிறது. மலை ஏறினால் காற்று மெலிவதால், 1,000 அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும்.

எல்லாவற்றிலும் முக்கியம் புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஜெனரேட்டரைக் கதவு, ஜன்னல்களிலிருந்து 20 அடியாவது தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால், குளிரில் சுகமாகத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போய்விடக் கூடும்!